கடவுள் உண்டு, மதம் வேண்டாம்: இதில் என்ன குழப்பம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மதத்தை விட்டு விலகியவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் ஒரு பத்தியில், கடவுளை நம்புகிறேன் ஆனால் எந்த மதமும் எனக்கு வேண்டாம் என்கிறவர்களை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். கோயிலை விடத் தைரியம் வந்துவிட்டது, கடவுளை விடத்தான் இன்னும் வரவில்லை, இது செல்போன் தலைமுறையின் புது ஃபேஷன் என்கிற மாதிரி. நான் அந்த ரகத்தைச் சேர்ந்தவள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது, செல்போன் தலைமுறை என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

புது ஃபேஷன் என்கிறாரே, இதற்கு வயது நானூறு. டீயிசம் என்று பெயர். உலகத்தைப் படைத்த ஒரு பேரறிவு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள நம் புத்தியும் கண்ணெதிரே இருக்கும் இயற்கையும் போதும். அது எந்த ஊர்க்காரருக்கும் தனியாக வேதம் இறக்கித் தரவில்லை, தூதர் அனுப்பவில்லை, அவதாரம் எடுக்கவில்லை, நடுவில் வந்து அற்புதம் காட்டி இயற்கையின் விதியை வளைப்பதும் இல்லை. அதற்கு நாம் செய்யக்கூடிய வழிபாடு என்று ஒன்று இருந்தால் அது அடுத்த மனிதரிடம் ஒழுங்காக நடந்துகொள்வதுதான். ஆளுக்கு ஆள் இதில் கூடக் குறைய இருக்கும், சிலர் மறுமை உண்டு என்பார்கள், சிலர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், ஆனால் சாரம் இவ்வளவுதான்.

பாரிஸில் இங்கிலாந்தின் தூதராக இருந்த எட்வர்ட் ஹெர்பர்ட் 1624-இல் லத்தீனில் ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த முப்பதாண்டுப் போர் (1618 முதல் 1648 வரை) நடந்துகொண்டிருந்த சமயம். இரண்டு பக்கமும் கையில் ஒரே பைபிள். அப்படியானால் எந்தப் புத்தகத்தையும் நம்பாமல், எல்லா மனிதருக்கும் பொதுவாக என்ன மிஞ்சும் என்று அவர் தேடினார். ஒரு கடவுள் உண்டு, அவரை வணங்க வேண்டும், நல்லொழுக்கமே அந்த வணக்கத்தின் பெரும்பகுதி, செய்த தவறுக்கு மனம் வருந்தித் திருந்த வேண்டும், நன்மைக்கும் தீமைக்கும் பலன் உண்டு, இந்த ஐந்துதான் மிஞ்சியது. இதில் எனக்குச் சிரிப்பு வரும் சங்கதி ஒன்று உண்டு. கடவுள் யாருக்கும் தனிச்செய்தி அனுப்புவதில்லை என்ற கொள்கைக்கு ஆதிமூலமாகச் சொல்லப்படுகிற இந்த மனிதர், புத்தகத்தை வெளியிடலாமா கூடாதா என்று மண்டியிட்டுக் கடவுளிடம் ஒரு அடையாளம் கேட்டாராம். தெளிவான வானத்திலிருந்து உரத்த, ஆனால் இதமான ஒரு ஓசை வந்ததாம். சரி, அச்சுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாராம். அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். மனித மனசு அப்படித்தான், நம் வீட்டில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அப்புறம் வந்தவர்கள் அவரைவிடக் கறாரானவர்கள். அயர்லாந்தின் ஜான் டோலண்ட் 1696-இல், புத்திக்கு எட்டாத மர்மம் எதுவும் கிறிஸ்தவத்துக்குத் தேவையில்லை என்று எழுதினார். மறு வருஷம் டப்ளினில் நாடாளுமன்ற உத்தரவுப்படி தூக்குப்போடும் ஆளைக் கொண்டு அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். நியூட்டனின் பெரும் நூல் டோலண்டின் புத்தகத்துக்கு ஒன்பது வருஷம் முன்பு, 1687-இல் வந்திருந்தது. விழுகிற பொருளுக்கும் சுற்றுகிற நிலவுக்கும் ஒரே கணக்கு என்று தெரிந்த பிறகு, இவ்வளவு ஒழுங்கைப் படைத்தவர் அதில் அடிக்கடி கை வைப்பாரா என்ற கேள்வி தானாக வருமே. ஆச்சரியம் என்னவென்றால் நியூட்டனே அதற்கு ஆம் என்றார், கோள்களின் ஓட்டத்தில் சேர்கிற சிறு பிசகுகளைக் கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தார். ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் அதைக் கிண்டல் செய்தார்: அடிக்கடி சாவி கொடுத்துப் பழுது பார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவர் நல்ல கடிகாரக்காரர் இல்லையே. டீயிஸ்டுகள் லைப்னிட்ஸ் சொன்ன திசையில் இன்னும் கொஞ்சம் தூரம் போனவர்கள். பிளஸ் ஒன் வகுப்பில் ஈர்ப்பு விதியை நடத்தும்போதெல்லாம், வருஷா வருஷம் அதே பாடம்தான் என்றாலும், எனக்கு வருகிற உணர்ச்சியைப் பக்தி என்று சொன்னால் தப்பில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, அது பாடத்திட்டத்தில் இல்லை.

கட்டுரையாளரின் பெரிய ஆட்சேபம் இன்னொன்று. வேண்டுதலுக்குப் பதில் சொல்லாத கடவுள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்கிறார். இது நியாயமான கேள்வி, சுலபமாகத் தாண்டிப்போக முடியாது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஜனங்கள் காலைப் பூசைக்குத் தேவாலயங்களில் கூடியிருந்த நேரம் பூகம்பம் வந்தது. கூரைகள் அவர்கள் தலைமேல் விழுந்தன. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து கொண்டுபோனது, மிச்சமிருந்த நகரம் தீயில் போனது. இது பாவத்தின் தண்டனை என்று பாதிரிமார் பிரசங்கம் செய்தார்கள். எல்லாம் நன்மைக்கே என்று சில தத்துவக்காரர்கள் சொன்னார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இரண்டு பேர் மேலும் பாய்ந்தார். அவர் நாத்திகர் இல்லை, கடைசிவரை படைத்தவன் ஒருவன் உண்டு என்றே சொன்னவர், ஃபெர்னே கிராமத்தில் தன் செலவில் கட்டிய தேவாலயத்தில் எந்தப் புனிதர் பெயரும் போடாமல் கடவுளுக்கு வால்டேர் கட்டியது என்று பொறித்து வைத்தவர் (கொஞ்சம் கர்வம்தான், ஒரே வரியில் இரண்டு பெயர்). ஆனால் செத்த குழந்தைகளைக் காட்டி இதற்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும் என்று சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை.

நான் டெல்டாக்காரி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாகப்பட்டினம் கரையில் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் இருந்தார்கள், அவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அது மாதாவின் அற்புதம் என்றார்கள். அந்த நம்பிக்கையில் ஆறுதல் கண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவரவர் இழப்பு அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் உள்ளே இருந்தவர் காப்பாற்றப்பட்டார் என்றால் நூறடி தள்ளி மணலில் குழந்தையோடு நின்றவள் என்ன பாவம் செய்தாள் என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது. சுமத்ரா பக்கத்தில் கடலடியில் ஒரு தட்டு இன்னொரு தட்டின் கீழ் நழுவியது, கடல் எழும்பியது, அதன் வழியில் இருந்தவர்கள் போனார்கள். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. எனக்கு இதுதான் ஆறுதல். அதைத் தரக்கூடிய கடவுள், வேண்டுதலுக்கு இறங்கி வருகிற கடவுள் இல்லை. இறங்கி வரக்கூடியவர் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று பிறகு ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கடவுள் தலையிடமாட்டார் என்று நம்புகிறவன் கைகட்டிச் சும்மா இருப்பான் என்றும் நினைக்க வேண்டாம். பிரான்ஸின் துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டண்ட் துணி வியாபாரி, கத்தோலிக்கனாக மாறப் பார்த்த மகனைக் கொன்றான் என்ற பொய்க் குற்றச்சாட்டில் 1762-இல் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொல்லப்பட்டார். வால்டேர் அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாதவர். கடிதம் கடிதமாக எழுதி, வக்கீல்களைப் பிடித்து, பணம் திரட்டி, மூன்று வருஷத்தில் 1765-இல் அந்தத் தீர்ப்பைப் புரட்ட வைத்தார். மேலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தவர்தான் அப்படி ஓடியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். பக்தர்களும் ஓடுகிறார்கள், மறுக்கவில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் தாமஸ் பெயின். இறுக்கு உள்ளாடை தைப்பவரின் மகன், பெரிய படிப்பு இல்லை, 1776-இல் அவர் எழுதிய சின்னப் பிரசுரம் அமெரிக்க விடுதலைக்கு ஊரையே கிளப்பிவிட்டது. பிறகு பிரான்ஸுக்குப் போய்ப் புரட்சி நாடாளுமன்றத்தில் உறுப்பினராகி, மன்னரைக் கொல்ல வேண்டாம் என்று வாக்களித்து, அதனாலேயே சந்தேகத்துக்கு ஆளாகி 1793 டிசம்பர் கடைசியில் கைதானார். சிறைக்குப் போகும் வழியில் ஒரு கையெழுத்துப் பிரதியை நண்பர் ஜோயல் பார்லோவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் 'பகுத்தறிவின் யுகம்' என்ற நூலின் முதல் பாகம், 1794-இல் வந்தது. ஒரே கடவுளை நம்புகிறேன், அதற்கு மேல் இல்லை, இந்த வாழ்வுக்கு அப்பாலும் இன்பம் உண்டு என்று நம்பியிருக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். என் மனமே என் தேவாலயம் என்றும் சொல்கிறார். அதில் ஒரு வாதம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கடவுள் ஒருவரிடம் நேரில் வந்து ஒன்றைச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அது அவருக்குத் தெய்வ வாக்கு. அவர் வந்து என்னிடம் சொன்னால்? எனக்கு அது ஒரு மனிதர் சொன்ன சேதி. அவர் எழுதி வைத்து, அதை நாலு பேர் நகலெடுத்து, ஆயிரம் வருஷம் கழித்து என் கைக்கு வந்தால் அதைவிடத் தூரத்துச் சேதி. நம்புவதும் நம்பாததும் என் இஷ்டம், நம்பாததற்காக என்னை நரகத்துக்கு அனுப்ப நியாயமில்லை.

வேடிக்கை என்னவென்றால் அவர் அதை எழுதியதே நாத்திகத்தைத் தடுக்கத்தான். பிரெஞ்சு ஜனங்கள் தலைகுப்புற நாத்திகத்தில் போய் விழுகிறார்கள், அதை நிறுத்தத்தான் அந்தப் புத்தகத்தை அவர்கள் மொழியில் கொண்டுவரச் செய்தேன் என்று அமெரிக்க விடுதலைத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். யார் காதில் விழுந்தது? இங்கிலாந்தில் அந்தப் புத்தகத்தை அச்சிட்டவர்களைச் சிறையில் போட்டார்கள், ரிச்சர்ட் கார்லைல் என்ற பதிப்பாளர் 1819-இல் தண்டனை பெற்று ஆறு வருஷம் உள்ளே இருந்தார். அமெரிக்காவில் தெருவில் பார்த்தாலும் பேசாமல் போனார்கள். 1809-இல் இறந்தபோது குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் இடுகாட்டில் இடம் தர மறுத்தார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் அடக்கத்துக்கு வந்தார்கள். பத்து வருஷம் கழித்து வில்லியம் காபெட் என்பவர், முன்பு பெயினைத் திட்டித் தீர்த்தவர், மனம் மாறி அந்த எலும்புகளைத் தோண்டி எடுத்து, இங்கிலாந்தில் பெரிய நினைவிடம் கட்டுகிறேன் என்று கப்பலில் கொண்டுபோனார். நினைவிடமும் வரவில்லை, எலும்புகளும் எங்கே போயின என்று தெரியாமல் தொலைந்தன. இதற்கெல்லாம் பிறகும், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1888-இல் எழுதிய ஒரு புத்தகத்தில் அவரை அழுக்குப் பிடித்த குட்டி நாத்திகன் என்று எழுதினார். முதல் பக்கத்தில் கடவுளை நம்புகிறேன் என்று எழுதியவருக்கு இந்தக் கதி. நம் கட்டுரையாளர் எங்களைக் குழப்பவாதி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார், தேவலை.

அமைப்பாகத் திரட்டப் பார்த்த கதைகளும் உண்டு, ஒன்றுகூட விளங்கவில்லை. 1794 ஜூன் 8 அன்று பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் பாரிஸில் பரம்பொருளுக்கு அரசு விழா எடுத்தார், நாத்திகத்துக்கு ஒரு பொம்மை செய்து கொளுத்தினார், செயற்கை மலை கட்டி அதன் மேல் ஏறி இறங்கினார். இரண்டு மாதம் ஆவதற்குள் அவர் தலையே உருண்டது. விழா எடுத்துக்கொண்டே தினம் தினம் ஆட்களைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்துக்கு அனுப்பியவர் அவர், அதனால் அந்த விழாவுக்காக நான் வருத்தப்படப் போவதில்லை. 1797-இல் பாரிஸில் தொடங்கிய இன்னொரு கூட்டம் சாதுவானது. தியோஃபிலாந்திரபி என்று பெயர் வைத்துக்கொண்டு, கடவுள்மீதும் மனிதர்மீதும் அன்பு என்பதே கொள்கையாக, பீடத்தில் பூவோ பழமோ ஒரு கூடை வைத்து, கன்ஃபூசியஸ், சாக்ரடீஸ் எல்லாரிடமிருந்தும் வாசித்து, பாட்டுப் பாடி, நல்லொழுக்கம் பேசிக் கலைவார்கள். பெயினும் அதில் இருந்தார். கொஞ்ச காலம் நோத்ர தாம் பேராலயத்திலேயே கத்தோலிக்கர்களோடு முறை போட்டு நடத்தினார்கள். 1801-இல் நெப்போலியன் போப்போடு சமாதானமானதும் இவர்களை அரசுக் கட்டடங்களிலிருந்து வெளியேற்றிவிட்டார், அதோடு முடிந்தது. அமெரிக்காவில் எலிஹூ பாமர் என்று ஒருவர். பாதிரியாராக இருந்து வெளியேற்றப்பட்டவர், 1793-இல் பிலடெல்பியாவில் வந்த மஞ்சள் காய்ச்சலில் மனைவியையும் கண்பார்வையையும் இழந்தவர். அந்த நிலையிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், சங்கம் வைத்தார், பத்திரிகை நடத்தினார். 1806-இல் அவர் இறந்ததும் சங்கமும் படுத்துவிட்டது.

பயமுறுத்த நரகம் இல்லை, ஆசை காட்ட வரம் இல்லை, பிரசாதம் இல்லை, தேர் இல்லை, பிறகு எப்படிக் கூட்டம் சேரும்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தனியாக நடக்கிறவர்களுக்கான வழி இது, கூட்டமாகப் போக ஆரம்பித்தால் யாராவது ஒருவர் முன்னால் போய்க் கொடி பிடிப்பார், பிறகு கொடிக்கு ஒரு விலை வைப்பார். இப்போதே, மதம் வேண்டாம் ஆன்மிகம் போதும் என்று சொல்லிக்கொண்டு வார இறுதி முகாமுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடங்கள் எத்தனை! கட்டுரையில் எங்களையும் அவர்களையும் ஒரே பத்தியில் அடைத்திருக்கிறார். அங்கே குரு உண்டு, தீட்சை உண்டு, குருவின் படம் வைக்க வேண்டும். புரோகிதரை வாசலோடு அனுப்பிவிட்டு இவரைக் கொல்லைப்புறமாக அழைத்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்?

டீயிஸ்டுகள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் 77 வயதில் நான்கு மொழி பைபிள்களை வைத்துக்கொண்டு, அற்புதங்கள், உயிர்த்தெழுதல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவின் வாழ்க்கையையும் உபதேசத்தையும் மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துத் தனக்கென்று ஒரு புத்தகம் ஒட்டித் தயாரித்தார். அழகான வேலை. அதே மனிதர் ஆயுள் முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தார். படைத்தவன் எல்லா மனிதரையும் சமமாகப் படைத்தான் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய கையும் அதே கைதான். புத்தி ஒன்று போதும் என்று சொல்கிறவர்களிடம் இதைக் காட்டலாம், எந்த வேதத்தைப் படித்தவனும் செய்கிற வேலையைப் புத்தியை நம்பியவனும் செய்தான். அவரோடு அமெரிக்க விடுதலைக்கு உழைத்த பெஞ்சமின் பிராங்க்ளின் கொஞ்சம் தேவலை. 84 வயதில், சாவதற்கு ஒரு மாதம் முன்பு, இயேசு தெய்வமா என்று ஒரு நண்பர் கேட்டதற்கு, எனக்கு அதில் சந்தேகம் உண்டு, ஆனால் இப்போது உட்கார்ந்து அதை ஆராய்வானேன், சீக்கிரமே சிரமமில்லாமல் உண்மையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வரப்போகிறது என்று பதில் எழுதினார். கடவுளுக்கு நாம் செய்யக்கூடிய நல்ல சேவை அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதுதான் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது.

இது வெள்ளைக்காரச் சரக்கு என்பார்கள் என்று தெரியும். ராம்மோகன் ராய் கல்கத்தாவில் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்தச் சங்கத்துக்கு வித்திட்டது 1828-இல், அதற்கு முன்பே 1803 வாக்கில் பாரசீக மொழியில், எல்லா மதத்துக்கும் பொதுவாக இருப்பது ஒரு படைப்பாளி மேலான நம்பிக்கை, மற்றவை ஜனங்கள் சேர்த்துக்கொண்டவை என்று எழுதிவிட்டார். பெயினின் புத்தகம் கல்கத்தாவுக்கு வந்தபோது இந்து கல்லூரி மாணவர்கள் போட்டி போட்டு வாங்கி அதன் விலை பல மடங்கு ஏறியது என்று பாதிரியார் அலெக்சாண்டர் டஃப் அங்கலாய்த்து எழுதினார். ஆனால் நான் சொல்ல வருவது இவர்களைப் பற்றி அல்ல, ஜோதிராவ் புலேவைப் பற்றி.

புலேவை நமக்குப் பெண் கல்விக்காகவும் சாதி எதிர்ப்புக்காகவும் தெரியும். 1848-இல் புனேவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தது, சாவித்திரிபாய் அதில் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பாடப்புத்தகத்திலேயே வருகிறது. அவர் இளவயதில் பெயினின் 'மனித உரிமைகள்' படித்து உருவானவர் என்பதும், நாத்திகர் இல்லை என்பதும், கடைசிவரை ஒரு படைப்பாளியை நம்பியவர் என்பதும் நம் பேச்சில் வருவதே இல்லை. அவர் அந்தக் கடவுளுக்கு வைத்த பெயர் நிர்மிக், படைத்தவன், அவ்வளவுதான். அவதாரம் கிடையாது, சிலை கிடையாது, இடைத்தரகர் கிடையாது. 1873 செப்டம்பரில் சத்யசோதக் சமாஜம் (உண்மை தேடுவோர் சங்கம்) தொடங்கி, புரோகிதர் இல்லாமல், அதிகச் செலவில்லாமல் கல்யாணங்களை நடத்தி வைத்தார். தட்சணை எங்கள் பரம்பரை உரிமை என்று புரோகிதர்கள் கோர்ட்டு வரை போனார்கள். 1888-இல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, அப்புறம் இடது கையால் எழுதிப் பழகி ஒரு புத்தகத்தை முடித்தார். 'சார்வஜனிக் சத்ய தர்மம்', அவர் 1890-இல் இறந்த பிறகு மறு வருஷம் அச்சில் வந்தது.

கேள்வி பதிலாகப் போகிற புத்தகம் அது. படைத்தவனுக்குப் பூ போட வேண்டுமா, நைவேத்தியம் வைக்க வேண்டுமா, நாம ஜெபம் செய்ய வேண்டுமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே வருகிறார், ஒவ்வொன்றுக்கும் புலே பதில் சொல்கிறார். அவன் நமக்காகப் படைத்ததை அவனுக்கே திருப்பிக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்பது அவர் பேச்சின் போக்கு. எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. ஒரே வீட்டில் அம்மா பௌத்த நூலைப் படித்து பௌத்தராகலாம், அப்பா பைபிளைப் படித்துக் கிறிஸ்தவராகலாம், மகள் குர்ஆனைப் படித்து முஸ்லிம் ஆகலாம், மகன் இந்தச் சத்ய தர்மத்தைப் பின்பற்றலாம், நாலு பேரும் ஒருவரையொருவர் வெறுக்காமல் படைத்தவனின் குடும்பமாக ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்கிறார். 1880-களில் எழுதியது! எங்கள் வீட்டில் கணவர் வருஷம் தவறாமல் மாலை போட்டுச் சபரிமலை போகிறவர், மகன் கடவுளே இல்லை என்பவன், நான் இப்படி. கார்த்திகையில் அவருக்குக் காலையில் குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுப்பதில் என் கொள்கைக்கு எந்த இழுக்கும் வந்துவிடவில்லை. சண்டை வருவதுண்டு, அது மின்சார பில்லுக்காக.

ஜெபர்சன் படித்த அதே காலத்துச் சிந்தனைதான் புலேவிடமும் வந்து சேர்ந்தது. ஒருவர் அடிமைகளை வைத்துக்கொண்டார், இன்னொருவர் 1868-இல் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். கொள்கையைச் சொல்வது யார், எங்கே நின்று சொல்கிறார் என்பதில் அவ்வளவு இருக்கிறது. படைத்தவன் ஒருவன், நடுவில் தரகர் வேண்டாம் என்பது பாரிஸ் வரவேற்பறையில் சுவையான பேச்சு. நம் ஊரில் அதைச் சொன்னால் சாதியின் அடிவேரில் போய் இடிக்கிறது.

வள்ளலார் சொன்னதும் இதுதானே என்று என் கணவரே கேட்பார். பக்கத்தில் வருகிறது, ஆனால் இது இல்லை. சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் வள்ளலார் ஒதுக்கினார், சரி. ஆனால் அவருடைய அருட்பெருஞ்ஜோதி கேட்டால் தருகிற, உருகினால் இறங்குகிற தெய்வம், பாடல்கள் முழுக்க அந்தக் கேட்பும் பெற்றதும்தான். டீயிஸ்ட் அப்படி உருக மாட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் கூட்டம் வடலூருக்கு முன்னால் தலைகுனிய வேண்டும். 1867-இல் அங்கே மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. டீயிஸ்டுகள் புத்தகம் போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கிற சமையல்கூடம் ஒன்றை அவர்கள் எங்கும் கட்டியதாக நான் படித்ததில்லை. ஒன்றே குலம் ஒருவனே தேவன் என்று திருமூலரிடமிருந்து எடுத்து அண்ணா மேடைதோறும் சொன்னார், அதைக் கேட்டு வளர்ந்த ஊரில் எங்களைப் புது ரகம் என்று சொல்வதுதான் எனக்கு வியப்பு.

இந்த வழியில் எனக்குக் கிடைக்காத ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். சாவு வீட்டில் சொல்ல வார்த்தை இல்லை. தேவாரம் பாடலாம், பைபிள் வாசிக்கலாம், ஃபாத்திஹா ஓதலாம், பெரியார் வழியினர் கூடப் படத்திறப்பு என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம், காபி போட்டுக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வழி இருக்கிறது, 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதுவும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது, வேண்டாம் என்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் சேரும்போது மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், பேனாவை நம் கையிலிருந்து வாங்கி அவர்களே நம் பெயரைப் பார்த்து ஒன்றை எழுதிக்கொள்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மதம் சொல்லாதவர்கள் என்று சுமார் 28 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் யார் நாத்திகர், யார் என்னைப் போன்றவர், யார் சும்மா பதில் சொல்லாமல் விட்டவர் என்று பிரிக்க வழியே கிடையாது.

வேண்டுவதில்லை என்றால் கடவுளோடு உனக்கு என்னதான் உறவு என்று கேட்கிறவர்களுக்கு: பெற்றுக்கொண்டதற்கு நன்றி உண்டு, மேற்கொண்டு கேட்பதற்கு எதுவும் இல்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் விபூதி வைத்துக்கொண்டு வந்து, டீச்சர் எங்களுக்காகச் சாமி கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். நல்லா எழுதுங்கடா என்று சொல்லி, கடைசி அரை மணி நேரம் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டி அனுப்புவேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது கடவுளிடம் அல்ல, உங்களிடம். இந்தப் பொருளில் தொடர்ந்து கட்டுரை போடுவதாக இணைப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அப்படியானால் புலேவின் அந்தக் கேள்வி பதில் பகுதியை மராத்தி தெரிந்த யாரையாவது கொண்டு நேரடியாக மொழிபெயர்க்கச் செய்து நாலு வாரம் வெளியிடுங்கள். அதை ராசிபலன் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மன்னார்குடி